மணலில் விரிப்பு நிற்கும் வகை

செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பாலாறு வாயலூர் அருகே கடலில் கலக்கும் பகுதியை ஒட்டி அமைந்த புதுப்பட்டினத்தின் நிலம் பெரும்பாலும் மணற்பாங்கானது. ஆறு கொண்டுவந்து சேர்த்த பருமணலும், கடற்காற்று உள்ளே தள்ளிய நுண்மணலும் கலந்த இம்மண்ணில் களிப்பசை மிகக் குறைவாதலால், மண்வெட்டி போட்டால் அது கட்டியாகப் பெயராமல் சரிந்து விழும். சவுக்கும் தென்னையும் முந்திரியும் இம்மண்ணுக்குப் பழகியவை. கல்பாக்கத்தில் அணுமின் நிலையமும், 1971-இல் தொடங்கப்பட்டுப் பின்னர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர்பெற்ற நிறுவனமும் அமைந்து குடியிருப்புகள் பெருகிய பிறகும், கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் ஓய்வு விடுதிகளும் தோட்ட வீடுகளும் எழுந்த பிறகும், மணலில் அழகுத் தோட்டம் அமைப்பது இவ்வட்டாரத்தில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துள்ளது. அத்தொழிலில், களை முளைக்காமலிருக்கத் தரையின்மேல் விரிக்கப்படும் துணியை நிலத்தோடு நிலைநிறுத்தும் வேலை மேலோட்டமாகப் பார்ப்போருக்கு மிக எளியதாகத் தோன்றும். உண்மையில், இக்கரையில் பதிக்கப்பட்ட விரிப்புகளில் பயனற்றுப்போனவை பெரும்பாலும் துணி நைந்ததால் அழிந்தவை அல்ல. பிடிப்பு நழுவியதால் அழிந்தவை.

தோட்ட வேலை செய்வோர் 'வீட் மேட்' என்று அழைக்கும் இவ்விரிப்பு, பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கைத் தட்டையான நாடாக்களாக இழுத்து, பாவும் ஊடுமாக நெய்யப்பட்ட கருநிறத் துணி. அதன் கனம் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கில் சொல்லப்படுகிறது. கடைகளில் இதற்கு ஜி.எஸ்.எம். என்று பெயர். 90 அல்லது 100 ஜி.எஸ்.எம். கொண்ட சுருள்களே தோட்ட வேலைக்கு அதிகம் வாங்கப்படுகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பாலிபுரொப்பிலீனைச் சிதைத்து நொறுங்கச் செய்யும் என்பதால், அதைத் தாங்கும் வேதிப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு வாங்குவது இன்றியமையாதது. கேட்காமல் வாங்கிய மலிவுத் துணி, இவ்வூரின் வெயிலில் ஓரிரு கோடைக்குள் கையால் கிழிபடும் நிலைக்கு வந்துவிடும். இத்தகைய நெய்த தரைவிரிப்புகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2014-இல் ஐ.எஸ். 16202 என்ற தரவரையறையை வெளியிட்டிருக்கிறது. தர்ப்பூசணி சாகுபடியில் மேட்டுப்பாத்தியின்மேல் போர்த்தப்படும் மெல்லிய பாலித்தீன் தாள், அதாவது 'மல்ச்சிங் ஷீட்', இதிலிருந்து வேறானது. அது நெய்யப்படாதது, நீர் புகாதது, ஓரிரு பருவத்துக்கு மட்டும் உரியது. வீட் மேட்டோ நீரையும் காற்றையும் ஓரளவு உள்ளே விட்டு, ஒளியை மட்டும் மறிப்பதற்கென்று அமைக்கப்பட்டது.

பாலிபுரொப்பிலீனைத் திடமான படிக வடிவில் 1954-இல் உருவாக்கிக் காட்டியவர் இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா. 1963-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 1953-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு கடலணைகளை வலுப்படுத்திய நெதர்லாந்துப் பொறியாளர்கள், மணல் அரித்துக்கொண்டு போகாமலிருக்கச் செயற்கை இழைத் துணிகளை அணையின் அடியில் விரித்து, அவற்றின்மேல் கற்களை ஏற்றினர். புதுப்பட்டினத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொண்டு 17-ஆம் நூற்றாண்டு முதல் துணி வாணிபம் செய்தவர்களும் அதே நாட்டவர்தாம். அவர்களது அணை வேலையில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. அங்கே துணியை நிறுத்தியது ஆணி அல்ல. அதை நிறுத்தியது மேலேற்றிய சுமைதான். மணற்கரைத் தோட்டத்துக்கும் இதுவே பொருந்தும் என்பது இங்கு நீண்டகாலம் வேலை செய்தோர் ஒவ்வொருவரும் தனித்தனியே வந்தடைந்த முடிவு.

விரிப்பை எப்படிப் பதிப்பது என்பதற்கு முன், எதை மறிக்க வேண்டியிருக்கிறது என்பது தெளிவாக வேண்டும். சாரணை, மூக்கிரட்டை, நெருஞ்சி, குப்பைமேனி, வெட்டுக்காயப்பூண்டு போன்ற விதைவழிக் களைகள் இம்மணலில் மழைக்குப் பின் கும்பலாக எழுந்தாலும், ஒளி மறைந்தால் அவை அடங்கிவிடுகின்றன. அடங்காதவை இரண்டு: கோரையும் அறுகும். ஹோம் என்னும் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 1977-இல் வெளியிட்ட உலகக் களைகள் பற்றிய நூலில் முதலிடம் கோரைக்கும் அடுத்த இடம் அறுகுக்கும் தரப்பட்டிருப்பது, புதுப்பட்டினத்துத் தோட்டக்காரர் எவருக்கும் வியப்பளிக்காது. கோரை மண்ணுக்குள் கிழங்குகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு வளர்வது. அதன் முளை ஊசிபோல் கூர்மையாக எழுவதால் மெல்லிய பாலித்தீன் தாளைக் குத்திக்கொண்டு வெளிவந்துவிடும். நெருக்கமாக நெய்த வீட் மேட் அதனை மறிக்கும் என்றாலும், ஆணி இறங்கிய ஓட்டையையும் இரு துணிகள் ஒட்டாத இடைவெளியையும் கோரை தேடிக்கண்டதுபோல் கண்டடைந்துவிடுகிறது. அறுகின் வழி வேறு. அது கீழிருந்து குத்துவதில்லை. விரிப்பின் ஓரத்துக்கு வெளியே வேரூன்றி நின்று, ஓடுதண்டை விரிப்பின் மேலும் கீழும் ஒருசேர அனுப்புகிறது. ஆகவே விரிப்பு தோற்குமிடங்கள் மூன்றே: ஓட்டை, இணைப்பு, ஓரம். காற்று விரிப்பைத் தூக்கத் தொடங்கும் இடங்களும் இவையேயாதலால், களையைத் தடுக்கும் வேலையும் காற்றைத் தடுக்கும் வேலையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

நிலத்தைச் சீராக்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கோரை மிகுந்த நிலத்தில் துணியை உடனே விரிப்பது வீண். கத்திரி வெயில் காலத்தில் நிலத்தை நன்கு நனைத்து, ஒளி ஊடுருவும் நிறமற்ற பாலித்தீன் தாளால் நான்கு முதல் ஆறு வாரங்கள் மூடிவைத்தால், உள்ளே தேங்கும் வெப்பம் மேல்மண்ணிலுள்ள களை விதைகளைப் பெரிதும் அழித்துவிடும். இஸ்ரேலைச் சேர்ந்த யாக்கோவ் கடான் 1976-இல் நோய்க்கிருமிகளை அழிப்பதற்காக வெளியிட்ட இம்முறைக்குச் சூரியவெப்ப மூடாக்கு என்று பெயர். கோரைக்கிழங்கு முழுவதும் இதனால் சாவதில்லை. ஆகவே தாளை எடுத்தபின் ஒருமுறை நீர் பாய்ச்சி, எஞ்சியது முளைக்கும்வரை காத்திருந்து, களைக்கொட்டால் கிழங்கோடு அகழ்ந்தெடுப்பதே முறை. அகழ்ந்த கிழங்கைப் பாத்தி ஓரத்தில் குவித்துவைப்போர் மழை வந்ததும் வருந்துவர். பிறகு கல், சல்லி, முள், சவுக்குக் கட்டை முதலியவற்றைப் பொறுக்கி, பலகையால் தரையை மட்டப்படுத்த வேண்டும். துணியின்கீழ் ஒரு கல் இருந்தால், மேலே நடக்கும் ஒவ்வொரு கால்வைப்பிலும் அவ்விடத்து இழை தேய்ந்துகொண்டே வரும்.

இனி ஆணிக்கு வரலாம். விரிப்போடு சேர்த்து விற்கப்படுவது 'ப' வடிவில் வளைத்த துத்தநாகப் பூச்சுக் கம்பி. அதன் கால்கள் பெரும்பாலும் ஆறு அங்குலம், அதாவது 15 செ.மீ. நீளமுடையவை. திருக்கழுக்குன்றத்துச் செம்மண்ணிலும் மதுராந்தகம் பகுதியின் ஏரிப்பாசன வண்டலிலும் இந்த ஆணி நன்றாகவே நிற்கிறது. அங்கே ஈரம் காயக்காய மண் இறுகி ஆணியைக் கவ்விக்கொள்வதே காரணம். புதுப்பட்டினத்து மணலில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. மணலில் ஆணியைப் பிடித்துக்கொள்வது மணற்பருக்கைகளின் உராய்வு மட்டுமே. அவ்வுராய்வு, மேலிருக்கும் மணலின் கனத்தைப் பொறுத்தது என்பதால், மேல் நாலைந்து அங்குலத்தில் அது மிகக் குறைவாகவும், ஆழத்தில் விரைவாகக் கூடியும் அமைகிறது. ஈரமாக இருக்கும்போது பருக்கைகளுக்கிடையே உள்ள நீர்ப்படலம் அவற்றைச் சேர்த்துப் பிடிப்பதால், காலையில் நீர் தெளித்து அடித்த ஆணி உறுதியாக நிற்பதுபோல் தோன்றும். இரண்டு நாள் வெயிலில் அப்படலம் உலர்ந்ததும் அதே ஆணியை இரண்டு விரல்களால் உருவி எடுத்துவிடலாம். உள்நாட்டு ஊர்களில் வேலை கற்றுக்கொண்டு கடற்கரைக்கு வரும் திறமையான மேஸ்திரிகளே இதில் ஏமாந்திருக்கின்றனர்.

காற்றின் வலிமையைக் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வீசும் காற்று, தன்னை எதிர்க்கும் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 17 கிலோ எடைக்கு நிகரான அழுத்தத்தைத் தருகிறது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். தரையோடு தரையாகக் கிடக்கும் துணியின்மீது இவ்வழுத்தம் முழுவதும் செயற்படுவதில்லை. ஆனால் ஓரத்தில் ஒரு சாண் அளவு துணி எழும்பிவிட்டால், காற்று அடியில் புகுந்து முழு விசையோடு மேலே தள்ளத் தொடங்கும். துணியின் சொந்த எடையோ சதுர மீட்டருக்கு 100 கிராம்தான். ஓரத்து ஆணி ஒன்று பெயர்ந்ததும் அதன் சுமை அடுத்த ஆணிக்குப் போகிறது. அதுவும் பெயர, சட்டைப் பொத்தான்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறிப்பதுபோல் ஒரு வரிசை முழுவதும் கழன்றுவிடுகிறது. 2022 டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. அத்தகைய காற்றில் நடுவே எத்தனை ஆணிகள் அடிக்கப்பட்டன என்பது பொருட்டாவதில்லை. ஓரம் எழும்பியதா, எழும்பவில்லையா என்பதே கேள்வி.

ஆகவே மணற்கரையில் விரிப்பின் பிடிப்பு ஆணியில் இல்லை, புதைக்கப்பட்ட ஓரத்திலும் மேலேற்றப்பட்ட சுமையிலும்தான் இருக்கிறது. ஆணி என்பது அவ்விரண்டும் அமையும்வரை துணியை நகராமல் வைத்திருக்கும் தற்காலிகக் கைப்பிடி மட்டுமே. இதை ஒப்புக்கொண்டால் வேலையின் வரிசையே மாறிவிடும். முதலில் துணி, பிறகு ஆணி, இறுதியாக ஓரம் என்னும் வழக்கமான வரிசை நீங்கி, பள்ளம் முதலில் வரும். விரிக்கவேண்டிய பரப்பின் நான்கு பக்கமும் 25 செ.மீ. ஆழத்தில், ஒரு மண்வெட்டி அகலத்தில், அதாவது ஏறத்தாழ 20 செ.மீ. அகலத்தில், பள்ளம் வெட்டப்படுகிறது. உலர்ந்த மணலில் பள்ளத்தின் சுவர் நிற்காது, சரிந்து தானே மூடிக்கொள்ளும். எனவே முந்தைய நாள் மாலை வெட்டுக்கோட்டில் நீர் தாராளமாக விட்டு, வெயில் ஏறுமுன் வெட்டி முடிப்பது வழக்கம். துணியின் ஓரம் பள்ளத்தின் உட்சுவரில் இறங்கி, அடித்தளத்தில் படிந்து, வெளிச்சுவரில் சற்று ஏறி, தானும் ஒரு 'ப' வடிவம் கொள்ளுமாறு மடித்துவிடப்படுகிறது. அதன்மேல் நனைந்த மணலை இருமுறையாகக் கொட்டி, ஒவ்வொரு முறையும் திமிசால் இடித்து இறுக்க வேண்டும். இவ்வாறு புதைக்கப்பட்ட ஓரத்தின் ஒவ்வொரு மீட்டரிலும் 75 கிலோவுக்கு மேற்பட்ட மணல் துணியின்மேல் அமர்ந்திருக்கிறது. ஆணிப்பை ஒன்றின் விலைக்கு அரைநாள் கூலி ஈடாகுமா என்று கணக்குப் பார்த்துத் தயங்கும் உரிமையாளருக்குக் காட்டவேண்டியது இந்த எண்ணைத்தான். "ஓரத்தை மண்ணு புடிச்சா போதும், நடுவுல அதுவா படுத்துக்கும்" என்று இவ்வேலை பழகியோர் சொல்வதன் பொருளும் இதுவே.

வெளிச்சுவரில் ஏறிய அந்தச் சிறு பகுதிக்கு மற்றொரு பயனும் உண்டு. வெளியிலிருந்து வரும் அறுகின் ஓடுதண்டு மண்ணுக்குள் அந்தத் துணிச்சுவரில் முட்டித் திரும்புகிறது. தரைமட்டத்தில் அது துணியைத் தாண்டி ஏறாதிருக்க, பள்ளத்தின் மேல் செங்கல்லோ கருங்கல்லோ ஒரு வரி பதித்து, அவ்வரியைத் தாண்டும் தண்டை வாரத்துக்கொருமுறை அறுத்துவிட வேண்டும். கல்வரி இல்லாத ஓரத்தில், எல்லை எது என்பதே ஒரு மழைக்காலத்துக்குப்பின் தெரியாமல் போய்விடுகிறது.

இரண்டு சுருள்கள் சந்திக்கும் இணைப்பு, ஓரத்தைவிடச் சிக்கலானது. உள்நாட்டில் 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் போதும் என்பர். மணற்கரையில் 30 செ.மீ. குறைந்தபட்சம். காற்று வரும் திசையிலுள்ள துணி மேலேயும் மறுதிசையிலுள்ளது கீழேயும் அமைந்தால், வெளித்தெரியும் விளிம்பு காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் என்பது பொதுவிதி. இவ்வூரில் அவ்விதி பாதியே உதவுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகிறது. கோடைப் பிற்பகல்களில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வந்து சேருகிறது. புயல் கரையைக் கடக்கும் இரவிலோ சில மணி நேரத்துக்குள் காற்று திசை திரும்பிவிடும். எல்லாத் திசைக்கும் முதுகு காட்டும் இணைப்பு என ஒன்று இல்லாமையால், வாடைக்காற்றை முதன்மையாகக் கொண்டு மேல், கீழ் வரிசையைத் தீர்மானித்துவிட்டு, இணைப்பின் நெடுகிலும் ஜல்லியையோ மணலையோ ஒரு பட்டையாக ஏற்றிவிடுவதே பாதுகாப்பானது. சரிவான நிலத்தில் மேட்டுப்பக்கத் துணி எப்போதும் மேலே இருக்க வேண்டும்; இல்லையேல் ஓடிவரும் மழைநீர் இணைப்புக்குள் புகுந்து அடிமணலை அரித்துவிடும். காற்றின் விதியும் நீரின் விதியும் முரண்படும் இடத்தில், நீரின் விதியைக் காப்பதே மேல்; ஏனெனில் காற்றைச் சுமையால் அடக்கலாம், அரிப்பை அவ்வாறு அடக்க முடியாது.

ஆணியை இதனால் அடியோடு ஒதுக்கிவிட முடியாது. துணியை இழுத்து நிறுத்தவும், சுமை ஏறாத நடுப்பகுதி நெளியாதிருக்கவும் அது வேண்டும். 30 செ.மீ. அல்லது அதற்கும் நீண்ட கால்களுடைய ஆணியே மணலில் பொருள்பட நிற்கும். கட்டுமான வேலையில் மிஞ்சும் 8 மி.மீ. முறுக்குக் கம்பியை முழங்கையளவு வெட்டி, தலையை வளைத்துக்கொள்வது இங்கு பரவலான வழக்கம்; கம்பியின் வரிப்பள்ளங்கள் மணலைக் கூடுதலாகப் பற்றுகின்றன. நேராக அடிப்பதைவிட, துணி இழுக்கும் திசைக்கு எதிராகச் சற்றுச் சாய்த்து அடித்தால், ஆணி உருவிக்கொண்டு வருவதற்கு மேலுள்ள மணலையும் தள்ளவேண்டியிருக்கும். ஆணித்தலையின்கீழ் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு வில்லையை வைத்து அடிப்பது சிறந்த பழக்கம்: காற்றில் துணி துடிக்கும்போது கம்பி இழையை அறுக்காது, ஓட்டையும் மூடியிருக்கும், கோரைக்கு வழி கிடைக்காது. ஓரங்களில் முக்கால் அடிக்கொன்றும் நடுவில் ஒரு மீட்டருக்கொன்றும், வரிசைகள் ஒன்றுக்கொன்று விலகியும் அமைந்தால் போதும். இதற்குமேல் அடிக்கும் ஒவ்வொரு ஆணியும் களைக்கு ஒரு கதவு.

உப்புக்காற்று வேறொரு சிக்கலை உண்டாக்குகிறது. துத்தநாகப் பூச்சு உள்நாட்டில் நிலைக்கும் காலம்வரை கடலோரத்தில் நிலைப்பதில்லை. பூச்சற்ற கம்பி விரைவில் துருப்பிடித்து, துருவோடு மணல் ஒட்டிக்கொள்வதால் முதலில் பிடிப்பு கூடவே செய்கிறது. பின்னர் தரைமட்டத்திலேயே அரிபட்டுத் தலை தனியாகவும் கால் தனியாகவும் போய்விடுகிறது. சவுக்கு முளை இதற்கு மாற்றாக வழங்கிவருகிறது. கட்டைவிரல் பருமனில், ஒன்றரை அடி நீளத்தில், கிளை பிரியும் கணுவையே கொக்கியாக விட்டு வெட்டிய சவுக்குக் குச்சி, உப்புக்கு அஞ்சாது. ஆனால் கரையான் அதனை விட்டுவைப்பதில்லை. ஓரம் புதைக்கப்பட்டு, மேலே சுமையும் அமர்ந்தபிறகு முளை மட்கினாலும் இழப்பொன்றுமில்லை. மணலில் கிடந்து காலில் குத்தும் துரு இரும்பைவிட மட்கும் முளையே விரும்பத்தக்கது என்பது வெறுங்காலோடு தோட்டத்தில் வேலை செய்வோரின் பக்கம் நின்று பார்த்தால் எளிதில் விளங்கும்.

துணியை எந்த நேரத்தில் இழுத்துக் கட்டுவது என்பதும் அனுபவத்தில் தெளிந்தது. உச்சிவெயிலில் துணி சூடேறித் தளர்ந்திருக்கும். அப்போது தொய்வே இல்லாமல் இழுத்து ஆணியடித்தால், இரவுக் குளிரில் அது சுருங்கி ஆணிகளைத் தானே இழுக்கத் தொடங்கும். காலையில், கையால் தடவினால் மட்டமாகப் படியும் அளவுக்கு மட்டும் இழுத்து, தரையின் ஏற்ற இறக்கத்தோடு ஒட்டிக் கிடக்குமாறு விடுவதே நல்லது. வெட்டிய ஓரங்களில் நாடா பிரிந்து நூல்நூலாக வராமலிருக்க, காய்ச்சிய கத்தியால் வெட்டி, அப்போதே உருக்கி ஒட்டிவிட வேண்டும். இதைச் சோம்பலால் விட்டுவிட்ட தோட்டங்களில், கருநாடா இழைகள் மண்வெட்டியிலும் செடி வேரிலும் சிக்கி, பின்னர் பொறுக்கியெடுக்கவே முடியாத பிளாஸ்டிக் துணுக்குகளாக மணலில் கலந்து கிடப்பதைக் காணலாம்.

வடகிழக்குப் பருவமழையில் இவ்விரிப்புக்கு நேரும் மற்றொரு சோதனை, இதனை விற்போர் பெரும்பாலும் சொல்லாதது. பாலிபுரொப்பிலீன் நீரைவிட இலேசானது; அதன் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 0.9 கிராம். ஒரே நாளில் 10 செ.மீ.க்கு மேல் கொட்டும் மழையில், நிலத்தடி நீர் மேலெழுந்து தாழ்ந்த பாத்திகளில் நீர் நிற்கும்போது, சுமையில்லாத துணி நீரில் மிதந்து எழும்பும். நனைந்து குழைந்த மணலில் ஆணிகள் எதிர்ப்பின்றி உடன் வரும். நீர் வடிந்தபின் துணி மீண்டும் படியும்போது முன்பிருந்த இடத்தில் படிவதில்லை, செடிக்காக வெட்டிய துளைகள் செடியைவிட்டு விலகித் தண்டை நெரித்துக்கொண்டு நிற்கும். 5 செ.மீ. கனத்தில் பரப்பிய ஜல்லி, சதுர மீட்டருக்கு 75 கிலோ அளவில் கனக்கும் என்பதால், அது காற்றையும் நீரையும் ஒருங்கே வென்றுவிடுகிறது. ஜல்லிக்குச் செலவழிக்க இயலாத இடத்தில் தென்னைமட்டை, சவுக்குச் சருகு, மணிலாத்தோல் ஆகியவற்றைப் பரப்புவதுண்டு. சருகுக்குச் சுமையாகும் கனம் இல்லை. ஆயினும் காற்று நேரே துணியின்மேல் வழுக்கிச் செல்வதை அது தடுக்கிறது, வெயிலையும் மறைக்கிறது. வெயிலை மறைப்பது சிறு பயனன்று. கோடையில் வெறுங்கருப்புத் துணி வெறுங்காலால் மிதிக்க முடியாத அளவுக்குச் சூடேறி, துளையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் இளந்தண்டைச் சுட்டுவிடும்.

செடித்துளையைக் கூட்டல் குறி போல் வெட்டி, நான்கு மடல்களையும் உட்புறமாக மடித்துவிடுவது வழக்கம். சொட்டுநீர்க் குழாய் துணியின்கீழ் செல்லவேண்டும். மேலே கிடந்தால் அது நனைப்பது துணியைத்தான். வளர்ந்த மரத்தைச் சுற்றி விரிப்பே கூடாது. தென்னைக்கு 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் எருவும் உரமும் இடவேண்டும் என்பது வேளாண் பரிந்துரை. அவ்வட்டத்தைத் துணியால் மூடிவிட்டு மரம் காய்க்கவில்லை என்று கவலைப்படுவதில் பொருளில்லை.

நன்றாகப் பதித்த விரிப்புக்கும் பராமரிப்பு உண்டு என்பதைத் தோட்ட உரிமையாளர்கள் எளிதில் ஏற்பதில்லை. களைக்கு இனி வேலையே இல்லை என்ற எண்ணத்தில்தான் பலரும் இதை வாங்குகின்றனர். ஆனால் இவ்வூரில் மணல் ஓயாமல் பறந்து வருவது. அது துணியின்மேல் ஒரு விரற்கடை படிந்து, அதில் சருகும் மட்கிச் சேர்ந்தால், மேலிருந்தே களை முளைத்து வேர்களைத் துணியின் நெசவுக்குள் இறக்கிவிடும். பிடுங்கும்போது துணியும் சேர்ந்து கிழியும். மாதம் ஒருமுறை ஈர்க்குத் துடைப்பத்தால் கூட்டிவிடுவதும், கூட்டும்போதே ஓரத்தைக் காலால் அழுத்திப் பார்ப்பதும் இதற்குப் போதும். தொய்ந்து எழும்பிய துணியின்கீழ் எலி வளை தோண்டும். எலியைத் தொடர்ந்து பாம்பு வரும். 1978-இல் தொடங்கப்பட்டு வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் நஞ்செடுக்கும் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கும் இம்மாவட்டத்துக்கு உரியவையே. ஆகவே எழும்பிக் கிடக்கும் விரிப்பைக் கையால் தூக்குவது கூடாது. நீண்ட கழியால் தட்டி, கழியாலேயே மடித்துப் புரட்ட வேண்டும். களையெடுக்கும் வேலை இவ்வட்டாரத்தில் பெரும்பாலும் பெண்களுடையது. அவர்களது முதுகுவலியைக் குறைக்க வந்த பொருள், சரியாகப் பதிக்கப்படாமையால் அவர்கள் கைக்கே ஆபத்தாகிவிடலாகாது.

விரிக்கக் கூடாத இடங்களும் உள்ளன. அவற்றைச் சொல்லாமல் இத்தொழிலை விளக்குவது நேர்மையாகாது. விடுதிகளின் கடல்நோக்கிய எல்லைக்கு அப்பால், அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மணல்மேடுகளைக் களை மண்டிய நிலம் என்று கருதித் துணி போர்த்த விரும்புவோர் உண்டு. அக்கொடியும் புல்லும் களைகள் அல்ல. எந்த விரிப்பாலும் செய்ய முடியாதபடி மணலை வேரால் பிடித்து வைத்திருப்பவை அவையே. 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளையும் ஆமைகள் முட்டையிடும் கரைகளையும் மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய பிரிவில் வைத்தது. தை முதல் பங்குனி வரை இக்கரையில் ஏறி முட்டையிடும் பங்குனி ஆமைக்கு, தோண்டுமிடத்தில் ஒரு துண்டுத் துணி புதைந்திருந்தாலே அவ்விடம் பயன்படாமல் போகும். புயலில் பிய்ந்து கடலுக்குப் போகும் துணியோ மீண்டும் எவர் கைக்கும் வருவதில்லை. கடலுக்கு நேர் முகமாக, தடுப்பு ஏதுமின்றித் திறந்து கிடக்கும் நிலத்தில் வீட் மேட் வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லி வேலையை இழப்பது, இத்தொழிலில் நல்லோர் செய்துவருவது.

கடலை நோக்கித் திறந்து கிடக்கும் அத்தகைய தோட்ட நிலங்களுக்கும், இரண்டு மூன்று ஆண்டுகளில் செடியே நிழல் பரப்பித் தரையை மூடிவிடும் வேலியோரங்களுக்கும், தென்னைநார் விரிப்பு ஏற்றது. பொள்ளாச்சிப் பகுதியில் பெருமளவில் உற்பத்தியாகும் தென்னைநாரால் நெய்யப்படும் இவ்விரிப்புகள் சதுர மீட்டருக்கு 400 முதல் 900 கிராம் வரை கனமுடையவை. நனைந்தால் மேலும் கனத்துத் தரையோடு ஒட்டிக்கொள்கின்றன. கண்ணி பெரிதாக உள்ளவை ஒளியை விட்டுவிடுவதால், அவற்றின்கீழ் சருகு ஒரு படலம் பரப்பிய பிறகே விரிக்க வேண்டும். கோரையை இவை தடுப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் சில ஆண்டுகளில் இவை மண்ணோடு மண்ணாகிவிடுகின்றன. வீட் மேட்டை நடைபாதைக்கும், நாற்றங்கால் தொட்டிகள் அடுக்கும் களத்துக்கும், ஜல்லி பரப்பிய முற்றத்துக்கும் ஒதுக்கிவைத்து, செடி வளரும் மண்ணைத் தென்னைநாருக்கும் சருகு மூடாக்குக்கும் விட்டுவிடுவதே இம்மணலுக்கு ஏற்ற பங்கீடு என்று கொள்ளலாம்.

விரிப்பை எடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. துணி வெளுத்து, கையால் மடித்தால் நாடா முறியத் தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும். அதற்குமேல் காத்திருந்தால் அது துண்டுதுண்டாகத்தான் வரும். மணல் உலர்ந்து உதிரும் வைகாசி இதற்கேற்ற மாதம். முதலில் ஜல்லியை வாரிக் குவித்து, பின் ஓரப்பள்ளத்தை முழுநீளமும் திறந்து, துணியை ஒரு மீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டிச் சுருட்டிக்கொண்டு போக வேண்டும்; ஓரத்தைத் திறக்காமல் நடுவிலிருந்து இழுப்போர் பாதித் துணியை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகின்றனர். நல்ல நிலையிலுள்ள பட்டைகள் நாற்றங்காலில் தொட்டிகளின் அடியில் இன்னும் சில காலம் உழைக்கும். ஆணிகளுக்குத் தனிக் கவனம் தேவை. பதிக்கும்போதே பாத்திவாரியாக எத்தனை ஆணி இறங்கியது என்று சுவரிலோ நோட்டிலோ குறித்துவைப்பதும், பிடுங்கியவற்றை எண்ணி அதனோடு ஒப்பிடுவதும், குறைந்தால் காந்தம் கட்டிய கோலை மணலில் இழுத்துத் தேடுவதும், எண்ணிக்கை ஒத்துவரும்வரை அந்தப் பாத்தியில் எவரையும் வெறுங்காலோடு இறங்கவிடாதிருப்பதும் பொறுப்புள்ள மேஸ்திரிகளின் வழக்கம்.